வாசகர் கேள்வி பதில்: தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) கணிதத்தில் புள்ளியியல்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். கணிதம் இரண்டாம் தாளில் புள்ளியியல்தான் மிக எளிது, கால்குலேட்டரே எல்லாவற்றையும் போட்டுத் தந்துவிடும் என்று அண்ணன் சொன்னார். ஆனால் பிரிலிம் தேர்வில் (இறுதித் தேர்வுக்கு முன் பள்ளியில் நடக்கும் முன்னோட்டத் தேர்வில்) அந்தப் பகுதியில்தான் எனக்குப் பாதி மதிப்பெண் போயிற்று. எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எங்கே தவறுகிறேன்?
– மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. 150 மதிப்பெண் கொண்ட அந்தத் தாளில் புள்ளியியலுக்கு ஏறத்தாழ 20 மதிப்பெண் உண்டு. வடிவியலையும் முக்கோணவியலையும்விடக் குறைந்த உழைப்பில் கைக்கு வரக்கூடியவை அவை. ஆனால் கால்குலேட்டர் தருவது எண் மட்டுமே. அந்த எண் எதைச் சொல்கிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். மதிப்பெண் பெரும்பாலும் கரைவது அந்த இடத்தில்தான்.

ஐந்து மாணவர்கள் ஒரு வாரத்தில் படித்த நேரம் 2, 3, 5, 6, 9 மணி என்றும், நூற்றுக்கு அவர்கள் பெற்ற மதிப்பெண் முறையே 38, 45, 52, 61, 74 என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றைக் கால்குலேட்டரில் இட்டால், மீச்சிறு வர்க்க முறையில் (புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகச் செல்லும் கோட்டைக் காணும் முறை) கிடைக்கும் கோடு "மதிப்பெண் = 28.5 + 5.1 × படித்த மணி" என்று வரும்; இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் 1 வரை அளக்கும் ஒட்டுறவுக் கெழு 0.99. இதுவரை எல்லாருக்கும் சரியாக வந்துவிடும். அடுத்து "இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பை விவரிக்க" என்று கேட்டால், பலர் "நல்ல தொடர்பு உள்ளது" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். திசையும் வலிமையும் இரண்டுமே வர வேண்டும்: மிக வலுவான நேர் ஒட்டுறவு. 5.1 என்பதன் பொருளைக் கேட்டால், படிக்கும் நேரம் ஒரு மணி கூடும்போது மதிப்பெண் சராசரியாக 5.1 கூடுகிறது என்று இந்தச் சூழலோடு சேர்த்து எழுத வேண்டும். "அது கோட்டின் சாய்வு" என்று மட்டும் எழுதினால் கேட்டதற்குப் பதில் ஆகாது.

7 மணி நேரம் படித்தவருக்குக் கோடு சொல்லும் மதிப்பெண் 64.2. இதை நம்பலாம், 7 என்பது தரவின் எல்லைக்குள் இருக்கிறது. 15 மணி நேரம் படித்தவருக்கு? அதே கோடு நூற்றுக்கு 105 தருகிறது! தரவு 9 மணியோடு முடிந்துவிட்டதால் அதற்கு அப்பால் கோட்டை நீட்டுவது நம்பத்தக்கதன்று என்ற ஒற்றை வாக்கியத்தைத்தான் கேள்வி எதிர்பார்க்கிறது. தயங்காமல் அதை எழுதுங்கள்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அளக்கும் திட்ட விலக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. மேலே உள்ள மதிப்பெண்களுக்குக் கால்குலேட்டர் 12.57, 14.05 என்று இரண்டு விடைகளைக் காட்டும். முதலாவது, சராசரியிலிருந்து உள்ள விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 5 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. மற்றது 5க்குப் பதில் 4 ஆல் வகுத்தால் வருவது. வினாத்தாளோடு தரப்படும் தகவல் தாளில் மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் சூத்திரமே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே சிக்மா (σ) குறியுள்ள 12.57தான் மெட்ரிக்கில் ஏற்கப்படும் விடை.

குவிவு நிகழ்வெண் வளைவரையில் (ஒவ்வொரு பிரிவு வரையிலான எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் வரையும் வளைவில்) புள்ளிகளைப் பிரிவின் நடுவில் இடாமல் மேல் எல்லையில் இடுங்கள். முதல் பிரிவின் கீழ் எல்லையில் வளைவு சுழியைத் தொட்டுத் தொடங்க வேண்டும். முந்தைய கணக்கின் தரவைக் கால்குலேட்டரிலிருந்து அழித்துவிட்டு அடுத்ததை இடுங்கள். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் தேர்வறைப் பதற்றத்தில் மறந்துபோவது இதுதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணிதத்துக்கு மாற்றாக எடுக்கக்கூடிய எளிய பாடமான மேத்ஸ் லிட்டிலும் (Mathematical Literacy) தரவுகளைக் கையாளும் பகுதி இருக்கிறதாம். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க அது போதாதா?
– ஒரு தாய், லெனேசியா

பதில்: போதாது, அம்மா. அட்டவணையையும் வரைபடத்தையும் படித்து, செய்தித்தாளில் வரும் விழுக்காட்டை எடைபோட மேத்ஸ் லிட் நன்றாகவே கற்றுத்தருகிறது. அந்த அளவில் அதை யாரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகப் புள்ளியியல் நுண்கணிதத்தின் மேலும் நிகழ்தகவின் மேலும் எழுந்து நிற்பது. காப்பீட்டுக் கணிப்பியலும் (காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் துறை) அப்படியே. அவற்றுக்குக் கணிதப் பாடத்தைத்தான் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் கணிதத்தை எடுத்துவிட்டு, முடியாதபோது மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது நடக்கக்கூடியது. அங்கிருந்து ஏறி வருவது மிகக் கடினம். மகனுக்கு ஆர்வம் இருக்கும்வரை கணிதத்திலேயே விடுங்கள்.

கேள்வி: புள்ளியியலை மட்டும் தனிப் பாடமாக மெட்ரிக்கில் எழுத முடியுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: முடியாது. மெட்ரிக் தேறியவர்களுக்குத் தரப்படும் தேசிய மேல்நிலைச் சான்றிதழில் அப்படி ஒரு பாடம் இல்லை. ஐஈபி (IEB) என்னும் தனியார் தேர்வு வாரியம் நடத்தும் மேனிலைக் கணிதத் திட்டத்தில் (Advanced Programme Mathematics) புள்ளியியல் ஒரு விருப்பப் பகுதியாக உண்டு. ஆனால் அது கணிதத்துக்கு மேல் கூடுதலாகப் படிப்பது. அதற்குரிய சான்றிதழும் தனி. கணிதத்தில் நல்ல பிடிப்பு உள்ளவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.