குழந்தையின் முழங்கை எக்ஸ்ரே: கோடு எந்த வழியாகப் போகிறது?

என் 2 வயது மகளின் எக்ஸ்ரேயில் முழங்கை எலும்புகளுக்கு நடுவே பெரிய இடைவெளி தெரிகிறது. மூட்டு விலகிவிட்டதா?

இடைவெளியை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. மேற்கை எலும்பான ஹியூமரஸின் கீழ்முனையில் உள்ள கேபிடெல்லம் எனும் உருண்டை சுமார் 1 வயதில் எலும்பாகத் தெரியத் தொடங்கும். முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பின் தலை (முழங்கைப் பக்க முனை) 3 வயதுவாக்கில்தான் தெரியும். இடைவெளியை விட எலும்புகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதே முக்கியம்.

இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் நான். முதலில் எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்?

ரேடியஸின் கழுத்து நடுவே ஒரு கோடு போடுங்கள். எந்தக் கோணத்தில் எடுத்த படமானாலும் அது கேபிடெல்லத்தைத் தொட்டுப் போக வேண்டும். தவறினால் ரேடியஸின் தலை விலகியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். அதோடு நிறுத்தாமல் முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பை மணிக்கட்டு வரை பாருங்கள். அங்கே முறிவோ, லேசான வளைவோ இருந்தால் அது மான்டேஜியா காயம், அதாவது அல்னா முறிவோடு ரேடியஸின் தலையும் விலகிய காயம். அல்னா முறிவுக்கு மட்டும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டால், சில வாரங்கள் கழித்துச் சரிசெய்வது மிகக் கடினம். தவறவிடக் கூடாத காயம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்புறம் பக்கவாட்டுப் படம். ஹியூமரஸின் முன்விளிம்பை ஒட்டிக் கீழே இழுத்த கோடு கேபிடெல்லத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியை வெட்ட வேண்டும். 4 வயதுக்குள் அது முன்பகுதியில் விழலாம், அது இயல்பே. கேபிடெல்லத்தைத் தொடாமல் முன்னால் போனால், சுப்ராகாண்டைலர் முறிவில் (முழங்கைக்குச் சற்று மேலே ஹியூமரஸ் முறிவது) கீழ்த்துண்டு பின்னால் சாய்ந்திருக்கிறது.

கை திரும்பிய நிலையில் எடுத்த படத்தில் இந்தக் கோட்டை நம்பாதீர்கள். ஹியூமரஸின் கீழ்முனையில் மணற்கடிகை வடிவம் தெளிவாக இல்லையா, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். விரல்கள் வெளிறியோ, குளிர்ந்தோ, மரத்தோ இருந்தால் கோடு போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே எலும்பு அறுவை மருத்துவரை அழையுங்கள்.

முறிவு தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஏன்?

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் பின்பக்கக் கொழுப்புத் திட்டு வெளியே தள்ளப்பட்டு, பக்கவாட்டுப் படத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும். முன்பக்கத்தில் மெல்லிய நிழல் இருக்கலாம். பின்பக்கத்தில், முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்கும்போது, நிழலே தெரியக் கூடாது. தெரிந்தால், கண்ணுக்குப் படாத முறிவு இருப்பதாகவே நடத்துவோம். ஓரிரு வாரத்தில் மறுபடி படம் எடுத்தால் புது எலும்பு வளர்வது காட்டிக்கொடுத்துவிடும்.

பாமன் கோணம் 75 டிகிரி என்று எழுதியிருக்கிறது. அதிகமா?

இல்லை. நேர்ப்படத்தில் ஹியூமரஸின் தண்டுக்கும் கேபிடெல்லப் பக்க வளர்தட்டுக்கும் இடையே அளக்கும் கோணம் அது. இயல்பே ஏறக்குறைய 64 முதல் 81 வரை போகும். அதே குழந்தையின் மறு கையோடு ஒப்பிடுவதுதான் பயன்.

8 வயதுப் பையனுக்கு விலகிய மூட்டைத் திரும்ப உட்கார வைத்தோம். படத்தில் என்ன தேட வேண்டும்?

உள்பக்க எபிகாண்டைலை, அதாவது ஹியூமரஸின் கீழ்முனையில் உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டைத் தேடுங்கள். அது 5 வயதுவாக்கில் தெரியும், ஹியூமரஸின் மூட்டுப் பகுதியில் கேபிடெல்லத்துக்கு உள்பக்கம் இருக்கும் டிராக்லியா 7 வயதுவாக்கில். டிராக்லியா போல ஒரு துண்டு மூட்டுக்குள் தெரிந்து, உள்பக்க எபிகாண்டைல் அதன் இடத்தில் இல்லையென்றால், பிய்ந்துபோன எபிகாண்டைல்தான் மூட்டுக்குள் சிக்கியிருக்கிறது. அதை வெளியே எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.