சாப்ளின் மாதிரி இருந்துவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 31. கரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் நண்பனின் தங்கை டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தபோது நோட்ஸ் காப்பி எடுக்க அடிக்கடி கடைக்கு வருவார். அப்போதிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கும், சொன்னதில்லை. பழைய வினாத்தாள் ஏதாவது கடைக்கு வந்தால் அவருக்கென்று ஒரு காப்பி எடுத்து வைத்திருப்பேன். நடுவில் அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், கோச்சிங் வகுப்பை நிறுத்தப்போகிறார் என்று நண்பன் சொன்னான். 18,500 ரூபாய் கொடுத்து, "கடன் வாங்கினேன்னு சொல்லிடு, என் பேரு வரக் கூடாது" என்றேன். அவர் குரூப் 4 பாஸ் செய்து இன்று தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். இப்போது வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். "நீதான் படிக்க வச்சேன்னு போய்ச் சொல்லுடா" என்று மற்ற நண்பர்கள் பிடுங்குகிறார்கள். போன வாரம் 'சிட்டி லைட்ஸ்' பார்த்தேன். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். எதையும் எதிர்பார்க்காத காதல் என்றால் அதுதானே? நானும் சாப்ளின் மாதிரி கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடட்டுமா?
பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: தம்பி, 18,500 என்று நூறு ரூபாய் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். கடை நடத்துகிறவருக்குக் கணக்கு மறக்காதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'எதையும் எதிர்பார்க்காத' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு நாம் பேச முடியாது.

நல்ல படமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பேசும் படம் வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிய பிறகும், சாப்ளின் பிடிவாதமாகப் பேசாப் படமாகவே எடுத்து 1931-ல் வெளியிட்டார். பேச்சு கிடையாது, அவரே அமைத்த இசை உண்டு. கண் தெரியாத பூக்காரப் பெண்ணையும், அவளை விரும்பும், சாப்ளினே நடித்த அந்த நாடோடியையும் நம்மவர்களும் விட்டுவைக்கவில்லை. ஜெமினி ஸ்டூடியோவின் 'ராஜி என் கண்மணி' 1954-லேயே வந்துவிட்டது. 1999-ல் 'துள்ளாத மனமும் துள்ளும்' வந்தபோதும் அதே கதையின் சாயல்தான். அதில் பார்வை வந்த பெண் கலெக்டராகிவிடுவாள். உங்கள் கதையில் தாலுகா ஆபீஸ். ரொம்ப தூரமில்லை.

ஆனால் கடைசிக் காட்சியில் அழுத அவசரத்தில் அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. அவள் வீட்டில் கம்பளி நூலைப் பந்தாகச் சுற்றும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? நூற்கண்டை அவன் கையில் பிடித்திருப்பான். அவள் கைக்கு அகப்படுவது அவனுடைய உள்பனியனின் நுனி. அது தெரியாமல் அவள் சுற்றிக்கொண்டே போவாள். இவன் நெளிவான், வளைவான், பனியன் முழுக்க உருவிப் போகும்வரை வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் அவள் வெட்கப்படுவாள் இல்லையா? தியேட்டரே சிரிக்கும் இடம் அது. எனக்கோ அவனுடைய அன்பு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. அவள் கேட்காமலேயே வினாத்தாளைக் காப்பி எடுத்து வைத்தீர்களே, அது இந்த ஜாதி. அந்தப் பதினெட்டாயிரத்தைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது, வியன்னாவில் ஒரு டாக்டர் பார்வை வரவழைக்கிறார் என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்து அவளிடம் சொல்லும் இடம். அவள் சந்தோஷத்தில், "அப்படியென்றால் உங்களையும் பார்க்கலாமே!" என்பாள். அவன் முகத்தைக் கவனியுங்கள். அவள் அவனைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் ஒரு கார் கதவு சாத்திய சத்தத்தில் வந்த நினைப்பு அது. ஒரு சத்தத்தை, சத்தமே இல்லாத படத்தில் காட்ட வேண்டுமே! அந்த ஒரு சந்திப்புக்காக சாப்ளின் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் படம் பிடித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண் திறந்தால் அவள் பார்க்கப்போவது ஒரு கந்தல்காரனை. அது தெரிந்தும் அவன் ஓடுகிறான், குத்துச்சண்டை மேடையில் அடிவாங்குகிறான். தன்னைத் தோற்கடிக்கப்போகிற வைத்தியத்துக்குத் தானே பணம் தேடுகிறான். தன்னலமில்லாத காதல் என்று நான் சொல்வது இதை.

சொல்லாமல் இருந்ததை அல்ல. இங்கேதான் நீங்கள் இடறுகிறீர்கள். அவன் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம், வேறொன்றுமில்லை. பணக்காரன் என்ற நினைப்பு அவனுக்கும் சுகமாக இருந்தது. தாடி வளர்த்துக்கொண்டு, கல்யாண மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதுதான் தியாகம் என்று நம் படங்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டன. கேட்கத் தைரியம் இல்லாததற்கும் அதே பெயரை வைத்துவிடுகிறோம்.

இன்னொரு காட்சி. ஒரு கோடீஸ்வரன் குடிபோதையில் தூக்கிக் கொடுத்த ஆயிரம் டாலரை எடுத்துக்கொண்டு வந்து, வாடகைக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று அவளிடம் தருவான். தந்துவிட்டு ஒரே ஒரு நோட்டை மட்டும் தன் பைக்குள் வைத்துக்கொள்வான். அவள் நன்றியில் அவன் கையை எடுத்து முத்தமிடுவாள். அவ்வளவுதான், பைக்குள் போன நோட்டும் வெளியே வந்துவிடும். அவனும் மனிதன்தான் தம்பி, ஒரு நோட்டை ஒதுக்கத்தான் பார்த்தான். நீங்களும் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். "நான்தான் பணம் கட்டினேன்" என்ற அந்த வரி. என்றைக்காவது உதவும் என்று பையில் கிடக்கிறது. உங்கள் நண்பர்கள் அதைத்தான் எடுத்து வீசச் சொல்கிறார்கள்.

வீசினால் என்ன ஆகும்? அந்தப் பெண் சரி என்றால், உங்களுக்காகச் சொன்னாரா, பணத்துக்காகச் சொன்னாரா என்று நீங்களே ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பீர்கள். வேண்டாம் என்றால், நன்றி கெட்டவள் என்று அதே நண்பர்கள் டீக்கடையில் பேசுவார்கள். மறுப்பதற்கு ஒரு பெண்ணுக்கு இருக்கும் கொஞ்ச வழியையும் அடைத்துவிட்டு, அதற்குக் காதல் என்று பெயர் வைக்க முடியாது. அப்புறம் இந்த 'நீதான் படிக்க வச்சே' என்ற பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். குரூப் 4 லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு. ஃபீஸ் கட்டிய எல்லோருமா பாஸாகிறார்கள்? அப்பாவைக் கவனித்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தவர் அவர்.

அதனால் நான் சொல்வது இதுதான். விருப்பத்தைச் சொல்லுங்கள், பணத்தைச் சொல்லாதீர்கள். ஜாதகம் வெளியே போய்விட்டது, இனியும் தள்ளிப்போட நேரமில்லை. அண்ணனைத் தூது அனுப்ப வேண்டாம். அவர் உங்களுக்குக் கடன்பட்டவர், தங்கையிடம் நடுநிலையாகப் பேச அவரால் முடியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நிற்கவும் வேண்டாம், கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் அவருக்குத்தான் தர்மசங்கடம். முன்போலவே எதையாவது காப்பி எடுக்கக் கடைக்கு வருவாரானால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் சம்மதம்னா வீட்டில் வந்து பேசச் சொல்றேன்." பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். "இல்லைங்க" என்றால் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த தாளைக் காப்பி எடுத்துக் கொடுங்கள். வழக்கமாக வாங்கும் காசையே வாங்குங்கள்.

சம்மதம் என்றால், கல்யாணத்துக்கு முன்பே பணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதுவும் உங்கள் நண்பனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் அண்ணனும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நன்றாயிருக்காது. அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும், நியாயமான கோபம்தான். இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆயிரம் டாலரில் அவளுக்குப் பார்வை வந்துவிடுகிறது. அதைத் திருடினான் என்ற பழியில் ஜெயிலுக்குப் போய் வந்தவன், அவள் வழக்கமாகப் பூ விற்கும் தெருமுனைக்குப் போகிறான், அவள் அங்கே இல்லை. பிறகு தற்செயலாக அவளுடைய பூக்கடை வாசலில் பார்க்கிறான். யாரோ பரதேசி என்று நினைத்து அவள் பூவும் காசும் நீட்டுகிறாள், இவன் நழுவப் பார்க்கிறான். அவளாகவே கையைப் பிடித்துக் காசை வைக்கும்போதுதான் அந்தத் தொடுதலில் அவளுக்குத் தெரிகிறது. 'நான் உனக்கு என்ன செய்தேன் தெரியுமா' என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வராது. "இப்போது உன்னால் பார்க்க முடிகிறதா?" என்றுதான் கேட்கிறான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தார்களா என்று சாப்ளின் காட்டவில்லை. உங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க யாராவது வந்துவிடலாம்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது, உங்கள் நண்பன் இனி திருப்பித் தர நினைப்பார். "நமக்குள்ள என்னடா" என்று கையைத் தள்ளிவிடாதீர்கள். மாதம் ஆயிரமாகத் தந்தாலும் வாங்கி, கணக்கில் கழித்துக்கொண்டே வாருங்கள். முழுதாக அடைந்ததும், அடைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.