ஃபோர்மிகா என்ன செய்தார்?

வணக்கம். 2021 நவம்பரில் மனாவ்ஸ் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி பிரேசிலிடம் 6-1 என்று தோற்ற ஆட்டத்தை இப்போதுதான் பார்த்தேன். மனீஷா கல்யாண் அடித்த கோலுக்காகத்தான் உட்கார்ந்தேன். அது பிரேசிலின் மிட்ஃபீல்டர், 43 வயது ஃபோர்மிகாவுக்கு வழியனுப்பு ஆட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ஆடியதில் தனியாக எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏழு உலகக் கோப்பை ஆடியவர் என்கிறார்கள். அப்படி என்னதான் செய்தார்? என் மகளும் பள்ளி அணியில் மிட்ஃபீல்டில் ஆடுகிறாள், அதனால் கேட்கிறேன்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

அந்த ஆட்டத்தை வைத்து அவரை எடைபோட முடியாது. அன்று அவர் இரண்டாம் பாதியில்தான் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2019 உலகக் கோப்பையில் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பிரேசில் 2-0 என்று முன்னால் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ஆஸ்திரேலியா ஒன்றைத் திருப்பியது. இடைவேளையில் பிரேசிலின் நட்சத்திரம் மார்த்தாவும் ஃபோர்மிகாவும் வெளியேறினார்கள். பிரேசில் 3-2 என்று தோற்றது. கடைசி கோல் பிரேசிலின் தற்காப்பு ஆட்டக்காரர் மோனிகாவின் தலையில் பட்டு உள்ளே போன சொந்த கோல். அதையும் ஃபோர்மிகா தடுத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, பந்தை மறந்துவிட்டு, பிரேசிலின் இரண்டு சென்டர் பேக்குகளுக்கு (நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு) முன்னால் இருக்கும் பத்துப் பதினைந்து மீட்டரை மட்டும் கவனியுங்கள். அந்தத் துண்டு நிலம்தான் அவருடைய வேலையிடம்.

விங் பேக் (ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) மேலே ஏறினால் அவர் விட்டுவிட்டுப் போன பக்கத்துக்கு இரண்டடி நகர்ந்து நிற்பது, உயரப் பந்துக்கு இருவர் எகிறும்போது அது தெறித்து விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போவது, எதிரணி திரும்பி ஓடத் தொடங்குமுன் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் ஒரு டேக்கிள். இதெல்லாம் கோல் தொகுப்புக் காணொளியில் வராது. டேக்கிளுக்கு விலையும் உண்டு: அந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் மஞ்சள் அட்டை வாங்கி, இத்தாலியோடு நடந்த மூன்றாவதில் வெளியே உட்கார வேண்டியதாயிற்று.

அவர் கோலே அடிக்காதவர் அல்லர். 2015இல் தென்கொரியாவுக்கு எதிராக அடித்ததைப் பாருங்கள். கொரியத் தற்காப்பில் ஒரு பின்பாஸ் பிசகுகிறது, ஃபோர்மிகா பாய்ந்து எடுத்து முடிக்கிறார். வயது 37. ஓடிப் பிடித்த பந்து என்பதைவிட, பாஸ் பிசகும் என்று முன்பே கணித்து எடுத்த பந்து என்பேன். இளவயதில் இரு பெனால்டி பெட்டிகளுக்கும் இடையே ஓயாமல் ஓடியவர், பிற்பாடு தற்காப்புக்கு முன்னால் இறங்கி நின்றும் ஈடுகொடுத்தது இந்தக் கணிப்பால்தான்.

1995இல் 17 வயதில் முதல் உலகக் கோப்பை, 2019இல் 41 வயதில் ஏழாவது. 1996 முதல் டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக், அதில் 2004, 2008இல் வெள்ளி. 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அமெரிக்காவை 4-0 என்று நொறுக்கி, இறுதியில் ஜெர்மனியிடம் 2-0 தோல்வி. 2021இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி, லியோன் தொடர்ந்து 14 முறை வென்றிருந்த பிரெஞ்சு லீக் பட்டத்தைப் பறித்தபோது அந்த அணியிலும் இருந்தார்.

ஏழு என்ற எண்ணை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி பிரேசில் கால்பந்து நிர்வாகத்தின் குறையாகவே தெரிகிறது. பெண்கள் கால்பந்து ஆடுவதற்கு அங்கே 1941 முதல் 1979 வரை தடை. 1978இல் சால்வடோரில் ஃபோர்மிகா பிறந்தபோதுகூட அது நீங்கியிருக்கவில்லை. பெண்களுக்கு இப்போதுள்ள தேசிய லீக் 2013இல்தான் வந்தது. 2016இல் தேசிய அணியிலிருந்து விடைபெற்றவரை 2018இல் திரும்ப அழைத்தார்கள். அந்த இடத்துக்கு ஆள் உருவாகியிருந்தால் நாற்பது வயதில் அவரை ஏன் கூப்பிட வேண்டும்?

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி அணிகளில் மிட்ஃபீல்டரிடம் நான் பார்க்கும் பெரிய கோளாறு, பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் திருப்பிப் பார்ப்பது. அதற்குள் முதுகில் ஆள் ஏறிவிடும். பந்து வந்த வழியே திரும்பிப் போகும். மூன்று பேரைப் பத்து மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். நடுவில் மகள். முன்னால் இருப்பவர் பாஸ் அடிக்கும் தருணத்தில் பின்னால் இருப்பவர் விரல்களைக் காட்ட வேண்டும். பந்து காலில் படுமுன் மகள் தோளுக்கு மேல் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். உடம்பு பந்துக்கு நேராக நின்றால் கழுத்து திரும்பாது. பக்கவாட்டில், பாதி திறந்து நிற்க வேண்டும். பந்தை, அது வரும் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கும் காலால் வாங்கி, அதே தொடுதலில் திரும்பி, பின்னால் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

பத்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால் களைத்துப்போய், பார்க்காமலே ஏதோ ஓர் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். விரல் காட்டுபவர் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.