ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலக் கார்களைப் பொதுச் சாலையில் ஏன் சோதிக்கிறார்கள்?

சோதனைக்கூடத்திலேயே எல்லாவற்றையும் அளந்துவிடலாமே, சாலைக்கு ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எரிபொருள் மின்கலம், அதாவது ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் வினைபுரியச் செய்து மின்சாரம் தரும் கருவி, சீராக இயங்கும்போது அதிகம் தேய்வதில்லை; சிக்னலில் நின்று, சட்டென வேகமெடுத்து, மீண்டும் நிற்கும் ஓட்டத்தில்தான் மின்னழுத்தம் ஏறி இறங்கி, வினையூக்கியான பிளாட்டினத் துகள்கள் கரைந்து மற்றவற்றோடு சேர்ந்து பெருத்து, வினை நடக்கும் பரப்பு குறைகிறது. முன்னால் செல்லும் வண்டிகளின் புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால், அதுவும் காற்றோடு உள்ளே புகுந்து அதே பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்கும்.

இதையெல்லாம் நேரில் அறியத்தான் அமெரிக்க எரிசக்தித் துறை, 2000களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள், கார் நிறுவனங்களோடும் எரிபொருள் நிறுவனங்களோடும் சேர்ந்து 180-க்கும் மேற்பட்ட கார்களை ஏறத்தாழ 58 லட்சம் கிலோமீட்டர் ஓடவிட்டுத் தரவுகளை ஆராய்ந்தது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கார்களோடு நிரப்பு நிலையங்களும் சோதிக்கப்பட்டதுதான்.

ஏனெனில் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. 700 பார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு) வேகமாக நிரப்பும்போது தொட்டி சூடேறும் என்பதால், ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை முன்கூட்டியே குளிர்விக்கிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடுத்தடுத்துக் கார்கள் வந்தால், நிரப்புக் குழாயின் முனையில் பனி உறைந்து, அது காரோடு ஒட்டிக்கொண்டு சற்று நேரம் கழற்ற வராது. 2022 மார்ச்சில் டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரை வைத்து இந்தியாவில் முன்னோடித் திட்டம் தொடங்கியபோதும், நம் சாலைகளிலும் தட்பவெப்பத்திலும் அது எப்படி இயங்குகிறது என்பதே முதன்மையான கேள்வியாக இருந்தது.