கீழ்நிலை உயிரா?

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். பேதி தரும் ஜியார்டியா, காலா அசார் என்னும் காய்ச்சலைத் தரும் லீஷ்மேனியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் புரதம் செய்யத் தொடங்கும் விதம் நம் செல்களிலிருந்து மாறுபடுகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். கீழ்நிலை உயிர்கள் என்பதால்தான் இப்படி அரைகுறையாக இருக்கிறதா? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? தமிழில் நல்ல நூல் உண்டா?

செல்வி

*

அன்புள்ள செல்வி,

என் மகள் வயது என்பதால் ஒருமையிலேயே எழுதுகிறேன். வேலையைப் பற்றி உன் பேராசிரியரிடம் கேள். நூலை அப்புறம் பார்க்கலாம். அந்த 'அரைகுறை'தான் சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நாளாக எனக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சண்டையும் அதுதான்.

நம் செல்லில் நடப்பது உனக்குத் தெரியும். மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவின் முனையில் தொப்பி என்னும் ஒரு வேதிக் குறி. தொடக்கக் காரணிகள் என்னும் உதவிப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்ள, புரதம் கட்டும் ரைபோசோமின் சிறிய துண்டு அங்கே ஏறி, 'இங்கே தொடங்கு' என்னும் ஏயூஜி எழுத்துகள் கிடைக்கும்வரை துழாவிக்கொண்டு போகும். இடையில் நூறு, இருநூறு எழுத்து இருப்பது சாதாரணம். ஜியார்டியாவில் பெரும்பாலும் பதினைந்துகூட இல்லை. ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் புரதம் உருவாவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டு வாசல். தேடி அலைவதற்கு என்ன இருக்கிறது?

லீஷ்மேனியா இதற்கு நேர்மாறு. 39 எழுத்துள்ள ஒரே துணுக்கைத் தனியாகச் செய்து எல்லா எம்ஆர்என்ஏவின் தலையிலும் ஒட்டுகிறது. முதல் நான்கு எழுத்திலும் மெத்தில் என்னும் சிறு வேதிக் குழுவை ஏற்றிய தொப்பி. அதைப் பிடிக்கும் 4ஈ என்னும் தொடக்கக் காரணியில் மட்டும் ஆறு வகை. ஏன் இவ்வளவு ஏற்பாடு? அதன் மரபணுக்கள் நீள நீளமாக ஒன்றாகவே படியெடுக்கப்படுகின்றன. எந்தப் புரதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தீர்மானிக்க முடியும். மணல் ஈயின் குடலிலிருந்து நம் உடம்புச் சூட்டில் வந்து விழும் உயிருக்கு அதில்தான் பிழைப்பே.

ஒன்று வேண்டாததைக் கழித்துவிட்டது, இன்னொன்று வேண்டியதைக் கூட்டிக்கொண்டது. இதில் எது அரைகுறை, சொல்லு தாயி? அந்த வித்தியாசத்தில்தான் மருந்துக்கும் இடம் கிடைக்கிறது. காலா அசாருக்குக் கொடுக்கும் பாரோமோமைசின் என்னும் மருந்து போய் ஒட்டுவது ஒட்டுண்ணியின் ரைபோசோமில்தான்.

நீ ஜியார்டியாவைப் பார்த்தது ஜெராக்ஸ் நோட்ஸில், மை பரவிய படமாக. நான் பார்த்தது கோரிப்பாளையம் பக்கம் ஒரு சின்ன லேபில். மேலூர்ப் பையன் ஒருவன், வயிறு உப்பி, மாதக்கணக்கில் பேதி. அவன் மலத்தை உப்புநீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்ததும், ஜியார்டியா புரண்டு புரண்டு நழுவிக்கொண்டே இருந்தது. சாயம் ஏற்றியதும் இரண்டு உட்கருவும் என்னையே முறைத்தன. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் அண்ணன், "இவன் நம்மளவிட வெவரமான ஆளு" என்றார். நுண்ணோக்கி செய்த டச்சுக்காரர் லேவன்ஹூக் 1681இல் தன் மலத்தையே லென்ஸுக்கு அடியில் வைத்து ஜியார்டியாவைப் பார்த்தார். மருத்துவர் டோனவன் 1903இல் மண்ணீரலில் லீஷ்மேனியாவைக் கண்டது வேறெங்குமில்லை, நம் சென்னையில். உனக்கு மட்டும் நோட்ஸ் போதுமா?

காலையிலேயே ஒரு லேபுக்குப் போ. தண்ணீராகப் போன மலமென்றால் அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடு. அப்புறம் அசைவு நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்.