மாமியாரின் காசிப் பயணமும் 8,000 வெள்ளியும்

கேள்வி: எனக்கு வயது 52. சிங்கப்பூரில் மேற்பார்வையாளராக மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பாதிக்கிறேன். மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்), ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்கில் 165,000 வெள்ளியும் வங்கியில் 48,000 வெள்ளியும் உள்ளன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. ஆண்டுதோறும் சிறப்புக் கணக்கில் 8,000 வெள்ளி ரொக்கமாக நிரப்புகிறேன். தஞ்சாவூரிலுள்ள 78 வயது மாமியாரைக் காசிக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்று மனைவி பல ஆண்டுகளாகக் கேட்கிறார். அதற்கென்று தேக்காவில் வாங்கிய பெட்டியில் விலைச்சீட்டுகூட இன்னும் அப்படியே இருக்கிறது. 65 வயதில் சேமநிதி மாதத்தொகை வரத் தொடங்கியதும் போகலாம் என்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. உங்களுக்கு 65 வயதாகும்போது மாமியாருக்கு 91 வயதாகியிருக்கும் என்பதை உங்கள் கணக்கு விட்டுவிட்டது. காசிப் படித்துறைகளில் ஏறி இறங்க 78 வயதிலேயே ஒருவர் கைத்தாங்கல் வேண்டும்.

இந்த ஓராண்டு அந்த 8,000 வெள்ளியை நிரப்பாமல் பயணத்துக்குச் செலவிட்டால் என்ன இழப்பு என்று பார்ப்போம். 8,000 வெள்ளி, ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில், 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 13,300 வெள்ளியாகும். மாதத்தொகையாகப் பார்த்தால் சுமார் 70 வெள்ளி. வருமான வரியில் நீங்கள் 7 விழுக்காட்டுப் படிநிலையில் இருந்தால், இவ்வாண்டு 560 வெள்ளி வரிச்சலுகையும் கைவிட்டுப் போகும். இது சிறு தொகையன்று. ஆனால் உங்கள் ஓய்வுக்காலத்தை உலுக்கும் தொகையுமன்று. 2026இல் 55 வயதை எட்டுவோருக்கான முழு ஓய்வுக்காலத் தொகை (மாதத்தொகைக்கென 55 வயதில் ஒதுக்கப்படும் இலக்குத் தொகை) 220,400 வெள்ளி. உங்களுக்கு அது இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்றாலும், வட்டியும் மாதச் சந்தாவும் சேர்ந்தே உங்களை அதன் அருகில் கொண்டுபோய்விடும், குறைவதைச் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மேலும், சிபிஎஃப் லைஃப் (சேமநிதியின் வாழ்நாள் வருமானத் திட்டம்) மாதத்தொகையை 65க்குப் பதிலாக 66இல் தொடங்கினால் அது 7 விழுக்காடு வரை உயரும் என்பதால், அந்த 70 வெள்ளியை அதிலேயே ஈடுகட்டிவிடலாம். மாதத்தொகையைத் தள்ளிப்போட்டால் கூடுதல் கிடைக்கிறது. மாமியாரின் முழங்காலுக்கு அப்படியொரு திட்டம் எதுவும் இல்லை.

சிறப்புக் கணக்கில் ரொக்கமாக நிரப்பிய பணத்தை, மனம் மாறிவிட்டது என்று திரும்பக் கேட்க முடியாது என்பதால், இவ்வாண்டுத் தொகையைச் செலுத்துவதற்கு முன்பே முடிவெடுங்கள். (சிக்கனக்காரர்கள் பலரிடம் நான் காணும் குறை இதுதான்: வட்டியைக் காசு சுத்தமாகக் கணக்கிடுவார்கள், வீட்டிலிருப்பவர்களின் வயதைக் கணக்கிடமாட்டார்கள்.)

ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தை வங்கியில் தொடாமல் வையுங்கள். கடன் அட்டையில் பயணத்தைத் தவணைக்கு வாங்க வேண்டாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்று மாமியார் பெயரைச் சொல்லியே கேளுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் விமானக் கட்டணம் ஏறிவிடும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் பிப்ரவரியில் போய்வாருங்கள், காசியில் குளிரும் அப்போது தணிந்திருக்கும். நிரப்புவதை அடுத்த ஆண்டு வழக்கம்போல் தொடரலாம்.