மறு: இரண்டாவது ஆட்குறைப்பு. எரேமியா 29:11 எனக்கு மட்டும் பலிக்கவில்லையா?

தேவன் வாக்கு மாறவில்லை, சகோதரி. இரண்டு முறை வேலை போய், இப்போது அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் விசுவாசக் குறைவுக்கான தண்டனை அல்ல.

உங்கள்மேல் தேவன் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற அந்த வசனத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டதால்தான் இவ்வளவு ஏமாற்றம் என்று நினைக்கிறேன். முந்தைய வசனத்திலேயே, 70 வருடம் முடிந்த பின்புதான் விடுதலை என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இரண்டே வருடத்தில் விடுதலை என்று தீர்க்கதரிசனம் சொன்ன அனனியாதான் பொய் சொன்னவன்.

இன்று இரவு 29:4 முதல் 14 வரை சேர்த்து வாசியுங்கள். அப்புறம் 13ஆம் சங்கீதம். தாவீதே "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நீங்களும் தாராளமாகக் கேளுங்கள்.

ஒன்று, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஜெபத்தோடு நிறுத்த வேண்டாம். உடனே சிங்கப்பூரின் SOS தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.